நாற்பத்தேழு நிமிடம்

பில்ட் தட்டினால் நாற்பத்தேழு நிமிடம்.
தட்டிவிட்டு லிஃப்டில் இறங்கி
துரைப்பாக்கம் சிக்னல் தாண்டி
மெட்ரோவுக்குத் தோண்டிய பள்ளத்தைச் சுற்றி நடந்து
ஒரு டீ, ஒரு சமோசா,
இருதயராஜின் வீட்டுக்கடன் கதை
வட்டியும் முதலுமாகக் கேட்டுத் திரும்பினாலும்
திரையில் அறுபது சதவீதம்.

யாரைக் கேட்டாலும் ஒரு காரணம் கைவசம் இருந்தது.
ஆன்ட்டிவைரஸ் என்றான் தணிகை.
ரேம் போதாது என்றார் மேனேஜர்;
போதாது என்பார், வாங்கித் தரமாட்டார்.
"சென்னை வெயிலுங்க, மெஷினும் மனுஷன் மாதிரிதானே"
என்றார் ஏசி சர்வீஸுக்கு வந்தவர், ஏணி மேலிருந்து.
எனக்கு அதுதான் நியாயமாகப் பட்டது.
பில்ட் ஓடும்போது
லேப்டாப்பின் முதுகில் கை வைத்துப் பார்த்தேன்.

சில்லென்று இருந்தது.

மகளின் நெற்றி சுட்டால்தான் பயப்படுவேன்.
இது சுடாததில் பயந்தேன்.
நாலாயிரம் கோப்புகளை அரைக்கிற இயந்திரம்
இட்லி மாவு கிரைண்டர் மாதிரி அலறவேண்டாமா?
விசிறிச் சத்தமே இல்லை.
சிபியு மூன்று சதவீதம்.
மத்திய கைலாஷ் சிக்னலில் நிற்கிற பஸ்ஸுக்கு
எஞ்சின் மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம்
இத்தனை நாளும்.

அன்றிரவு கேப் டிரைவரிடம் வரவில்லை என்று சொல்லிவிட்டு
ஒவ்வொரு வரிக்கும் நேரம் அச்சிட வைத்தேன்.
பில்லிங் முடிந்தது ஒன்பது பதினாலு, இரண்டாம் நொடி.
அடுத்தது தொடங்கியது முப்பத்திரண்டாம் நொடி.
இடையில் முப்பது.
அதற்கடுத்தும் முப்பது.
இருபத்தொன்பது வரவில்லை, முப்பத்தொன்றும் வரவில்லை.
உழைப்புக்கு இவ்வளவு ஒழுங்கு வராது.
யாரோ உட்கார்ந்து, யோசித்து,
முப்பது என்று எழுதியிருக்கிறார்கள்.

மாட்யூல் அறுபத்திரண்டு.
டிஷ்யூ பேப்பரில் பெருக்கினேன்:
முப்பத்தொரு நிமிடம்.

தேடிப் போய்ச் சேர்ந்த ஸ்கிரிப்டை
எத்தனையோ வருடமாக ஒருவரும் தொடவில்லை.
லைசென்ஸ் சர்வரிடம் அனுமதி கேள்.
முப்பது நொடி பொறு.
பதில் வராவிட்டால் பரவாயில்லை, மேலே போ.

அந்தப் பரவாயில்லைதான்.
ஒரு முறையாவது சிவப்பாகக் கத்தியிருந்தால்
யாராவது ஓடி வந்திருப்போம்.

அந்த ஐபி முகவரி
ஷபானாவுக்கு மட்டும் நினைவிருந்தது.
"வேளச்சேரி ஆபீஸ், தரைத்தளம்.
அந்த டிசம்பர் வெள்ளத்துல போச்சு.
இன்சூரன்ஸ்காரர் படம் எடுக்க வந்தப்ப
ரேக்குக்குள்ள ஒரு கெளுத்தி கெடந்துச்சு."
அந்த லைசென்ஸே இப்போது எங்களுக்குத் தேவையில்லை.
கட்டடத்தில் பல் கிளினிக் நடக்கிறது.

ஆனால் தினமும்
ஒவ்வொரு மேசையிலிருந்தும் அறுபத்திரண்டு முறை
அந்தத் தண்ணீருக்குள் கதவைத் தட்டி,
உள்ளே வரலாமா என்று கேட்டு,
முப்பது எண்ணி,
கோபமே இல்லாமல் நகர்ந்திருக்கிறது எங்கள் பில்ட்.

நாலு வரி. அழித்தேன்.
"எடுத்தா எதாச்சும் ஒடையுமா?" என்று ரிவ்யூவில் கேட்டான் தணிகை.
"ஏற்கனவே ஒடஞ்சதுதான்" என்று எழுதினேன்.
ரேம் கோரிக்கையை மேனேஜர்
மிகுந்த மனநிறைவோடு ரத்து செய்தார்.

மறுநாள் பதினோரு மணிக்குத் தட்டிவிட்டு இறங்கினோம்.
பள்ளத்தை ஒட்டித் தண்ணி லாரி திரும்பும்வரை நின்றோம்.
டீ கிளாஸைப் பிடிக்க முடியாத சூடு.
இருதயராஜ் இரண்டாவது வங்கியின்
பிராசஸிங் கட்டணம்வரை வந்திருந்தார்.
போன் அதிர்ந்தது.
முடிந்தது, பதினாறு நிமிடம்.

ஒருவரும் எழுந்திருக்கவில்லை.
சமோசாவைப் பாதியாகப் பிட்டு என்னிடம் நீட்டி
இருதயராஜ் சொன்னார்:
"மிச்சம் பதினாறுல கை வெச்சிடாதம்மா."